விடையை முதலில் மாணவர் எழுதட்டும்

கேள்வி: தமிழ்நாட்டில் சில ஆண்டுகள் கற்பித்துவிட்டு, இப்போது டர்பனில் ஒரு பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராக இருக்கிறேன். சமூக அறிவியல் இரண்டாம் ஆண்டு மாணவர்கள் 180 பேருக்கு அளவுசார் ஆய்வுமுறைகள் பாடம் நடத்துகிறேன். கடந்த பருவத்தில் விரிவுரையைக் குறைத்து, ஆறாறு பேராகக் குழு பிரித்து, எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்று அளக்கும் திட்ட விலக்கத்தைக் காண்பது போன்ற பயிற்சிகளைக் கொடுத்துச் செயல்வழிக் கற்றலை முயன்றேன். குழுவுக்கு ஒருவர் கணக்குப் போட, மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாடத்திட்டமும் முடியவில்லை. பருவ முடிவில் வந்த கருத்துப் படிவங்களில், “இவர் சொல்லித் தருவதில்லை, நாங்களேதான் படித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது” என்று பலர் எழுதியிருந்தார்கள். பழையபடி விரிவுரைக்கே திரும்பிவிடுங்கள் என்று துறையின் மூத்தவர் ஒருவர் சொல்கிறார். மாணவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் பள்ளி இறுதியாண்டான மெட்ரிக்கில், கணிதத்துக்குப் பதிலாக அன்றாடக் கணக்குகளைக் கற்பிக்கும் மேத்ஸ் லிட் மட்டும் படித்தவர்கள். எங்களுக்குக் கொடுக்கப்பட்டிருப்பது படிக்கட்டு இருக்கைகள் கொண்ட அரங்கம், கணினிகளும் போதாது. நான் என்ன செய்யட்டும்?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு வணக்கம்.

விரிவுரைக்குத் திரும்ப வேண்டாம் என்பதே என் பதில். அதே வேளையில், கடந்த பருவத்தில் செய்ததை அப்படியே மறுபடி செய்யவும் வேண்டாம். உங்கள் கடிதத்திலிருந்து எனக்குப் புலப்படுவது, மாணவர்கள் உட்காரும் முறை மாறியது, ஆனால் அவர்கள் கையில் கொடுக்கப்பட்ட வேலை மாறவில்லை என்பதுதான். இருபது எண்களைக் கொடுத்து அவற்றின் திட்ட விலக்கத்தைக் காணச் சொன்னால், அது கால்குலேட்டர் வைத்திருக்கும் ஒருவரின் வேலை. ஒருவரே முடித்துவிடக்கூடிய வேலையை ஆறு பேரிடம் ஒப்படைத்தால் ஒருவர் செய்வார், ஐவர் பார்ப்பார்கள். இதைச் சோம்பல் என்று சொல்ல முடியாது. குழு உழைக்க வேண்டுமானால், கணக்கு ஒன்றாகவே இருந்தாலும் அதன் பொருளைப் பற்றி இருவருக்கு இரண்டு கருத்து எழக்கூடிய கேள்வி அவர்கள் முன்னால் இருக்க வேண்டும்.

செயல்வழிக் கற்றல் என்றால் நாற்காலிகளை நகர்த்துவதும் வண்ணத் தாள்களை ஒட்டுவதும் வகுப்பில் பேச்சுச் சத்தம் கேட்பதும்தான் என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள். நான் அதை இன்னும் குறுகலாகவே எடுத்துக்கொள்கிறேன். ஆசிரியர் விளக்குவதற்கு முன்னால், வகுப்பில் உள்ள ஒவ்வொரு மாணவரும் ஒரு கேள்விக்குத் தம் விடையைத் தாமே தீர்மானித்துப் பேனாவால் எழுதிவிட வேண்டும். அந்த விடைக்கான காரணத்தைப் பக்கத்து இருக்கையில் இருப்பவரிடம் சொல்லி, தேவைப்பட்டால் வாதாட வேண்டும். அதன் பிறகுதான் ஆசிரியர் பேச வேண்டும். இந்த முறையில் விரிவுரை ஒழிந்துபோவதில்லை, அதன் இடம் மாறுகிறது. விடையை எழுதிவிட்டு அது சரியா என்று காத்திருக்கும் மாணவர் உங்கள் விளக்கத்தைக் கேட்பதற்கும், எதையும் எழுதாமல் சாய்ந்து உட்கார்ந்திருக்கும் மாணவர் அதே விளக்கத்தைக் கேட்பதற்கும் பெரிய வேறுபாடு உண்டு.

சிங்கப்பூரில் மனு கபூர் நடத்திய ஆய்வுகள் இதற்கு நல்ல சான்று. பள்ளி மாணவர்களுக்குத் திட்ட விலக்கம் என்ற கருத்தை அறிமுகப்படுத்துவதற்கு முன்பே, மூன்று கால்பந்து வீரர்கள் ஆண்டுதோறும் அடித்த கோல்களின் பட்டியலைக் கொடுத்து, எவருடைய ஆட்டம் மிகச் சீரானது என்பதை அளக்க நீங்களே வழி கண்டுபிடியுங்கள் என்று விட்டுவிட்டார்கள். மாணவர்கள் கண்டுபிடித்த வழிகள் குறையுள்ளவையாகவே இருந்தன. ஆயினும் பிறகு ஆசிரியர் திட்ட விலக்கத்தை விளக்கியபோது, முதலில் விளக்கம் கேட்டுப் பின்னர் பயிற்சி செய்தவர்களைவிட இவர்கள் அந்தக் கருத்தை ஆழமாகப் பற்றிக்கொண்டார்கள். கணக்குப் போடும் திறனில் இரு சாராரும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தார்கள். கடந்த பருவத்தில் நீங்கள் கொடுத்த அதே தலைப்பை இப்படித் திருப்பிவிடலாம். கைசர் சீஃப்ஸ், ஒர்லாண்டோ பைரட்ஸ், நம் ஊர் அமாசுலு ஆகிய மூன்று அணிகளின் கோல் கணக்கைக் கொடுத்தால், அரங்கத்தில் பின்வரிசைகூடத் தலை நிமிர்த்தும்.

இனி, உங்களைப் புண்படுத்திய அந்தக் கருத்துப் படிவங்களுக்கு வருகிறேன். 2019இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லூயி டெலோரியரும் உடன் பணியாற்றியவர்களும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அறிமுக இயற்பியல் மாணவர்களைச் சமவாய்ப்பு முறையில் இரு பிரிவாக்கி, ஒரே பாடப்பொருளையும் ஒரே கைத்தாளையும் கொண்டு, ஒரு பிரிவுக்குத் தேர்ந்த விரிவுரையும் மற்றதற்கு மாணவரே கணக்கோடு மல்லுக்கட்டும் வகுப்பும் நடத்தினார்கள். தேர்வில் கூடுதல் மதிப்பெண் பெற்றது மல்லுக்கட்டிய பிரிவு. ஆனால் “நான் நிறையக் கற்றுக்கொண்டேன்” என்று சொன்னது விரிவுரை கேட்ட பிரிவு. சரளமான விரிவுரையைக் கேட்கும்போது, சொல்பவரின் தெளிவு தன்னுடைய தெளிவு என்று தோன்றிவிடுகிறது. திணறுகிற மாணவருக்கோ, அந்தத் திணறலே கற்றல் என்பது அந்த நேரத்தில் தெரிவதில்லை. ஆகவே முதல் வாரத்திலேயே இந்த ஆய்வை மாணவர்கள் முன் வைத்து, வகுப்பு ஏன் இப்படி நடக்கும் என்பதை வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். காரணம் தெரிந்த மாணவர் உழைப்பைப் பொறுத்துக்கொள்வார்.

ஆயினும் மாணவர்களின் குறை முழுவதையும் இந்த ஆய்வின் தலையில் சுமத்திவிடவும் கூடாது. “சொல்லித் தருவதில்லை” என்று இத்தனை பேர் எழுதியிருக்கிறார்கள் என்றால், குழுப் பணி முடிந்ததும் மணி அடித்து, எது சரியான விடை, ஏன் என்பது சொல்லப்படாமலே அவர்கள் கலைந்துபோன நாட்கள் இருந்திருக்குமோ என்று எண்ணிப்பாருங்கள். ஒவ்வொரு கேள்விக்குப் பிறகும் ஏழெட்டு நிமிடத் தெளிவான விளக்கமும், மாணவர் வீட்டுக்கு எடுத்துச் செல்ல எழுத்தில் ஒரு பக்கமும் இருந்தே ஆக வேண்டும். கேள்வியை மட்டும் வைத்துவிட்டு விளக்கத்தை விட்டுவிட்டால் அது மாணவருக்கு இழைக்கும் அநீதி.

உங்கள் மூத்தவருக்குக் காட்டச் சான்று வேண்டுமானால், 2014இல் ஸ்காட் ஃப்ரீமன் குழுவினர் வெளியிட்ட தொகுப்பாய்வைக் காட்டலாம். அறிவியல், பொறியியல், கணிதப் பாடங்களில் நடந்த 225 ஆய்வுகளை அவர்கள் ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். விரிவுரை வகுப்புகளில் தோல்வியுற்றோர் சராசரியாக 33.8 விழுக்காடு, செயல்வழி வகுப்புகளில் 21.8 விழுக்காடு. நம் நாட்டுக்கு இன்னும் நெருக்கமானது 2020இல் எலி தியோபால்டும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட மற்றொரு தொகுப்பாய்வு. அமெரிக்காவில் பின்தங்க வைக்கப்பட்ட இனத்து மாணவர்களுக்கும் ஏழை மாணவர்களுக்கும் மற்றவர்களுக்கும் இடையிலுள்ள மதிப்பெண் இடைவெளி செயல்வழி வகுப்புகளில் 33 விழுக்காடும், தேர்ச்சி இடைவெளி 45 விழுக்காடும் குறைந்திருந்தன. அந்த ஆய்வில் ஒரு நிபந்தனை இருக்கிறது, அதைப் பலர் படிக்காமல் விட்டுவிடுகிறார்கள்: வகுப்பு நேரத்தில் பெரும்பகுதியை மாணவர் வேலைக்கு ஒதுக்கிய பாடங்களில்தான் இந்த இடைவெளி குறைந்தது. விரிவுரையின் நடுவே ஊறுகாய் போல ஒரு பயிற்சியைத் தொட்டுக்கொள்வதால் பயன் இல்லை. அதனால்தான் உங்களுக்கு நான் சொல்வது, பாடம் முழுவதிலும் சிறிது சிறிதாகத் தூவாமல், வரும் பருவத்தில் இரண்டு அலகுகளை மட்டும் தேர்ந்து அவற்றை முழுமையாக மாற்றுங்கள் என்பது. மற்றவற்றை இப்போதைக்கு விரிவுரையாகவே நடத்துங்கள்.

மேத்ஸ் லிட் படித்தவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. கணிதத்தை எடுக்காதவர்கள் அதை எடுத்துக்கொள்ளும் முறை 2008 மெட்ரிக் தேர்விலிருந்து இருந்துவருகிறது. பல்கலைக்கழக ஆசிரியர்கள் அந்தப் பெயரைக் கேட்டதுமே முகம் சுளிக்கிறார்கள். அந்த மாணவர்களுக்கு இயற்கணிதம் போதாது என்பது உண்மை. ஆனால் மின்கட்டணப் பட்டியலையும் வீட்டு வரவு செலவையும் வரைபடங்களையும் விழுக்காடுகளையும் சூழலோடு சேர்த்துப் படிக்கும் பழக்கம் அவர்களுக்குப் பள்ளியிலேயே கொடுக்கப்பட்டிருக்கிறது. சமூக அறிவியல் மாணவருக்கு வேண்டிய புள்ளியியலில் பாதி அதுதான். வாய்பாட்டை வருவிக்கச் சொன்னால் பின்னால் நிற்கும் அதே மாணவர், ஓர் அட்டவணையைக் கொடுத்து “இதில் எது பொருந்தவில்லை” என்று கேட்டால் முன்னால் வந்துவிடுவார்.

180 பேர் என்பதை ஒரு சுமையாக எழுதியிருக்கிறீர்கள். உண்மையான சராசரி எந்த எல்லைக்குள் இருக்கலாம் என்று மாதிரியிலிருந்து மதிப்பிடும் நம்பிக்கை இடைவெளியைக் கற்பிக்கும் நாளில் அந்த 180 பேர்தான் உங்கள் ஆய்வுக்கூடம். அந்த வகுப்பை எப்படி நடத்தலாம் என்பதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன், ஏனெனில் இதற்குக் கணினி எதுவும் வேண்டாம்.

சமவாய்ப்பு எண் அட்டவணையில் இரண்டு பக்கங்களை எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்துக்கு 50 வரி, வரிக்கு 50 இலக்கம் என்று அச்சிட்டு, ஒவ்வொரு வரியையும் பாதியாக வெட்டினால், 25 இலக்கங்கள் கொண்ட 200 துண்டுகள் கிடைக்கும். ஆளுக்கு ஒரு துண்டு. ஒரே துண்டு இருவருக்குப் போகக் கூடாது. 0 முதல் 9 வரையுள்ள இலக்கங்கள் சம வாய்ப்போடு வரும்போது அவற்றின் உண்மையான சராசரி 4.5, திட்ட விலக்கம் ஏறத்தாழ 2.87 என்பதை முதலிலேயே பலகையில் எழுதிவிடுங்கள். ஆய்வுக்களத்தில் ஒருநாளும் தெரியவராத உண்மை, இந்த ஒரு வகுப்பில் மட்டும் எல்லோர் கண்முன்னும் எழுதியிருக்க வேண்டும். ஒவ்வொருவரும் தம் 25 இலக்கங்களின் சராசரியைக் கண்டு, அதிலிருந்து 1.13ஐக் கழித்தும் கூட்டியும் ஓர் இடைவெளியை எழுதுகிறார். 2.87ஐ 25இன் வர்க்கமூலமாகிய 5ஆல் வகுத்து, 95 விழுக்காட்டு நம்பிக்கை இடைவெளிக்குரிய 1.96ஆல் பெருக்கினால் அந்த 1.13 வரும். கூட்டலில் பிழை நேர்ந்தால் பாடமே குழம்பிவிடும் என்பதால், பக்கத்தில் இருப்பவர் ஒருமுறை சரிபார்க்கட்டும்.

இப்போது, எவரும் வாய் திறப்பதற்கு முன், கேள்வியை வையுங்கள்: இந்த அரங்கத்தில் எத்தனை பேருடைய இடைவெளிக்குள் 4.5 அகப்படாமல் போயிருக்கும்? ஒவ்வொருவரும் ஓர் எண்ணை எழுத வேண்டும். சுழியம் என்று எழுதுபவர்கள் நிறைய இருப்பார்கள். கணக்கில் பிழை இல்லையென்றால் விடை சரியாகத்தானே இருக்கும் என்பது அவர்கள் பள்ளியிலிருந்து சுமந்து வந்த நம்பிக்கை. பிறகு, 4.5ஐத் தவறவிட்டவர்களை எழுந்து நிற்கச் சொல்லுங்கள். ஏறத்தாழ ஒன்பது பேர் எழுவார்கள்; ஐந்து பேராகவும் இருக்கலாம், பதின்மூன்று பேராகவும் இருக்கலாம். அவர்களுடைய கணக்கை மறுபடி சரிபார்க்கச் சொல்லுங்கள். பிழை இருக்காது. நிற்பவரில் ஒருவரிடம், பலகையில் அந்த 4.5 எழுதப்படாமல் இருந்திருந்தால், நீங்கள் தவறவிட்டவர் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்குமா என்று கேளுங்கள். தெரிந்திருக்காது என்று அவர் சொல்லும்போது, 95 விழுக்காடு என்பது கையிலிருக்கும் ஒரு தனி இடைவெளியின் குணம் அல்ல, இடைவெளிகளை உருவாக்கும் முறையின் குணம் என்பது அரங்கத்துக்கு விளங்கத் தொடங்கும். பாடநூல்கள் பக்கம் பக்கமாக எழுதியும் மாணவர்கள் ஆண்டுதோறும் தவறாகவே எழுதும் கருத்து இது. நீங்கள் விளக்கத் தொடங்க வேண்டிய தருணம் அதுதான், அதற்கு ஒரு நிமிடம் முன்னாலும் அல்ல.

அதே துண்டுகளை வீணாக்காமல், 180 சராசரிகளையும் பலகையில் புள்ளிகளாக வைக்கச் சொன்னால், சராசரிகளின் பரவல் மணி வடிவத்தில் எழுவதைப் பார்க்கலாம். தனி இலக்கங்களின் விலக்கம் 2.87 ஆக இருக்க, சராசரிகளின் விலக்கம் 0.57 அளவுக்குச் சுருங்கியிருக்கும்.

அடுத்ததாக, வாரந்தோறும் பயன்படுத்தக்கூடிய ஒரு முறை. ஹார்வர்டில் எரிக் மஸூர் இயற்பியல் வகுப்புக்காக 1991 முதல் வளர்த்தெடுத்த, ஒருவருக்கொருவர் கற்பிக்கும் முறை அது. ஒரு கருத்துக் கேள்விக்கு எல்லோரும் தனித்தனியே விடையளிக்கிறார்கள். சரியான விடை சொன்னவர்கள் 30 விழுக்காட்டுக்கும் குறைவு என்றால் ஆசிரியர் மறுபடி விளக்க வேண்டும். 70க்கும் மேல் என்றால் சுருக்கமாகச் சொல்லிவிட்டு நகரலாம். இடையில் இருந்தால், மாற்று விடை சொன்ன ஒருவரைத் தேடிப் பிடித்து வாதாடச் சொல்லிவிட்டு மறுபடி வாக்கெடுக்க வேண்டும். இதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. விரல்களை நெஞ்சருகே வைத்துக் காட்டினால் உங்களுக்குத் தெரியும், பக்கத்து இருக்கைக்குத் தெரியாது.

கேள்வி எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு நம் நாட்டுப் புள்ளிவிவரத்திலிருந்தே ஓர் எடுத்துக்காட்டு. தென்னாப்பிரிக்கப் புள்ளிவிவரத் துறை காலாண்டுதோறும் வெளியிடும் வேலையின்மை விகிதத்துக்கு இரண்டு வரையறைகள் உண்டு. அதிகாரபூர்வ வரையறைப்படி, வேலை இல்லாமலும், கடந்த நான்கு வாரங்களில் வேலை தேடியும், கிடைத்தால் சேரத் தயாராகவும் இருப்பவரே வேலையற்றவர். தேடிச் சலித்து நிறுத்திவிட்டவர்கள் விரிந்த வரையறையில்தான் சேர்க்கப்படுவார்கள். முதல் வரையறையை மட்டும் பலகையில் எழுதிவிட்டுக் கேளுங்கள்: ஒரு நகரில் வேலை செய்பவரும் தேடுபவருமாக 1,000 பேர், அவர்களில் 320 பேர் வேலையற்றவர்கள், அந்த 320 பேரில் 40 பேர் நம்பிக்கை இழந்து தேடுவதை நிறுத்திவிட்டார்கள். அதிகாரபூர்வ விகிதம் ஏறுமா, இறங்குமா, அப்படியே இருக்குமா? எவருக்கும் வேலை கிடைக்கவில்லையே, பிறகு விகிதம் எப்படி மாறும் என்று கணிசமானவர்கள் மூன்றாவது விடையைச் சொல்வார்கள். 32 விழுக்காடாக இருந்தது, 960இல் 280 என்று ஆகி, 29.2 விழுக்காடாக இறங்குகிறது. டர்பனின் உம்லாசியிலிருந்தும் சாட்ஸ்வர்த்திலிருந்தும் வரும் மாணவர்களுக்கு அந்த 40 பேர் வெறும் எண்கள் அல்லர். அண்ணனாகவோ சித்தியாகவோ அவர்கள் வீட்டிலேயே ஒருவர் இருப்பார். நாட்டின் அதிகாரபூர்வ விகிதம் 30 விழுக்காட்டைத் தாண்டியும் விரிந்த விகிதம் 40 விழுக்காட்டைத் தாண்டியும் நின்றிருப்பதைப் பிறகு காட்டினால், வரையறை என்பது ஏட்டுச் சடங்கு அல்ல என்பதை நீங்கள் தனியாகச் சொல்லத் தேவையிருக்காது.

அந்த வாதம் எந்த மொழியில் நடக்க வேண்டும் என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகம் 2014இல் இளநிலை மாணவர்களுக்கு சுலு மக்களின் மொழியான இசிசுலு பாடத்தைக் கட்டாயமாக்கியது. எந்தப் பல்கலைக்கழகமாக இருந்தாலும், இந்த மாநிலத்தில் உங்கள் அரங்கத்தில் இருப்பவர்களில் பலர் வீட்டில் இசிசுலு பேசுபவர்களாகவே இருப்பார்கள். பக்கத்து இருக்கையோடு வாதாடும் அந்த மூன்று நிமிடம் அவரவர் மொழியிலேயே நடக்கட்டும். உங்களுக்கு அது புரியாவிட்டால் குறையொன்றும் இல்லை. வாக்கெடுப்பும் எழுதிய விடையும் என்ன நடந்தது என்பதைச் சொல்லிவிடும். டுடோரியல் நடத்தும் முதுநிலை மாணவர்களில் ஒருவரையாவது இசிசுலு பேசுபவராகத் தேர்ந்து, பெரிய வகுப்பிலும் நடமாட விடுங்கள்.

பாடத்திட்டம் முடியவில்லை என்ற கவலைக்கு நான் சொல்லக்கூடியது, அதைச் சுருக்குங்கள் என்பதே. தொகுக்கப்பட்ட தரவுகளுக்கு இடைநிலையையும் முகடையும் வாய்பாடு வைத்துக் கையால் காண்பது, திட்ட விலக்கத்தைச் சுருக்கு வழியில் கணக்கிடுவது, ஒன்றுக்கொன்று சிறிதே வேறுபடும் ஐந்தாறு கருதுகோள் சோதனைகளை வரிசையாக அறிமுகப்படுத்துவது, இவற்றையெல்லாம் நான் தயங்காமல் எடுத்துவிடுவேன். கணினி இல்லாத காலத்தில் அவற்றுக்குத் தேவை இருந்தது. அமெரிக்கப் புள்ளியியல் சங்கம் ஏற்று 2005இல் வெளியிட்டு 2016இல் திருத்திய வழிகாட்டு நெறிகளும் வாய்பாட்டைவிடக் கருத்துக்கு முதலிடம் கொடுங்கள், உண்மையான தரவுகளைப் பயன்படுத்துங்கள், செயல்வழிக் கற்றலை வளர்த்தெடுங்கள் என்றே சொல்கின்றன.

உண்மையான தரவு என்று வரும்போது, டர்பன் ஆசிரியர்களுக்கு வாய்த்த ஒரு களஞ்சியத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து வந்த ட்ரூரோ கப்பல் தொடங்கி 1911 வரை, ஒப்பந்தக் கூலிகளாக நட்டாலுக்குக் கொண்டுவரப்பட்டவர்கள் 152,184 பேர். அவர்களுடைய கப்பல் பதிவேடுகளில் ஒவ்வொருவருக்கும் ஓர் எண், பெயர், தந்தை பெயர், வயது, பால், சாதி, ஊர், மாவட்டம், உயரம், உடல் அடையாளம் என்று பத்திகள் இருக்கின்றன. ஒரு கப்பலின் பதிவை எடுத்து, டுடோரியல் குழுவுக்கு ஒரு பக்கம் என்று கொடுத்து, முதல் வேலையாக வயதுகளின் கடைசி இலக்கத்தை மட்டும் எண்ணச் சொல்லுங்கள். 0, 5 ஆகிய இரண்டு இலக்கங்களும் சேர்ந்து ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வந்தால் அதற்கு என்ன பொருள்? வயது கேட்டு எழுதப்பட்டதா, முகத்தைப் பார்த்து எழுதப்பட்டதா? வயதுகள் 0, 5 ஆகிய இலக்கங்களில் எவ்வளவு குவிகின்றன என்று அளக்க மக்கள்தொகை ஆய்வாளர்கள் பயன்படுத்தும் விப்பிள் குறியீட்டெண் 23 முதல் 62 வரையுள்ள வயதுகளை எடுத்துக்கொள்ளும். கூலிகளாக வந்தவர்கள் பெரும்பாலும் இளைஞர்கள் என்பதால் அந்த எல்லை இங்கே பொருந்துமா என்பதையும் மாணவர்களே வாதாடித் தீர்மானிக்கட்டும். சாதி என்ற பத்தியில் எழுத்தர் நிரப்பியதை ஒரு மாறியாக ஏற்கலாமா என்ற கேள்வி, அளவீட்டின் செல்லுபடி பற்றிய ஒரு முழு வகுப்புக்குப் போதும்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. அந்தப் பதிவேடு நம் முன்னோருடையது என்பதால் நமக்கு அதில் மனம் ஈடுபடுகிறது. வகுப்பில் எல்லோரும் நம் மக்கள் அல்லர். ஆகவே அதற்கு இணையாக 2022 மக்கள்தொகைக் கணக்கெடுப்பையும் வையுங்கள். அந்தக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 31 விழுக்காட்டினர் விடுபட்டதாகப் பின்னாய்வு காட்டியது. 2011இல் அது 14.6 விழுக்காடு. விடுபட்டவர்களைச் சரிக்கட்டி வெளியிட்ட 6 கோடியே 20 லட்சம் என்ற தொகையை எந்த அளவுக்கு நம்பலாம், மாநிலத் தொகையை நம்பலாமா, ஒரு வார்டின் தொகையை நம்பலாமா என்று கேட்டால், ஒவ்வொரு மாணவருக்கும் சொந்த ஊர் ஒன்று அந்தக் கேள்விக்குள் வந்துவிடும்.

தேர்வுத்தாளை மாற்றாமல் வகுப்பை மட்டும் மாற்றினால் இவ்வளவு உழைப்பும் வீணாகும். இறுதித் தேர்வெழுதத் தகுதி தரும் டீபி மதிப்பெண்ணுக்கும் இறுதித் தேர்வுக்கும் வாய்பாட்டில் எண்களை இட்டு விடை காணும் கணக்குகளே வரும் என்றால், வகுப்பில் வாதாடுவது நேர விரயம் என்று மாணவர் கருதுவதில் நியாயம் இருக்கிறது. கணினி கொடுத்த வெளியீட்டை அச்சிட்டுக் கொடுத்து, இதைப் பார்த்து ஒருவர் எழுதிய முடிவில் எங்கே பிழை என்று கேளுங்கள். வாய்பாட்டுத் தாளை நீங்களே இணைத்துக் கொடுத்துவிடுங்கள். வகுப்பில் எழுதும் முதல் விடைக்குச் சரி தவறு பார்த்து மதிப்பெண் போடாதீர்கள். எழுதியதற்கு மட்டும் ஒரு சிறு மதிப்பெண் போதும். தவறு செய்தால் மதிப்பெண் போகும் என்றால், மாணவர் முந்திய வரிசையைப் பார்த்துத்தான் எழுதுவார்.

குழுவைப் பற்றி இன்னும் ஒன்றுதான் சொல்ல வேண்டும். படிக்கட்டு அரங்கத்தில் ஆறு பேர் முகம் பார்த்து உட்கார முடியாது. இருவரோ மூவரோ போதும். ஒற்றைப்படை எண் வரிசைகளில் இருப்பவர்கள் திரும்பிப் பின்வரிசையோடு பேசலாம். யார் பதில் சொல்வது என்பதை வகுப்புப் பட்டியலிலிருந்து சமவாய்ப்பு எண்ணைக் கொண்டே எடுங்கள், அதுவும் பாடத்தின் ஒரு பகுதிதானே.

உங்கள் மூத்தவரோடு வாதிட வேண்டாம். மாதிரியெடுப்பு, நம்பிக்கை இடைவெளி ஆகிய இரண்டு அலகுகளை மட்டும் வரும் பருவத்தில் மாற்றப்போகிறேன் என்று முன்கூட்டியே அவரிடம் சொல்லி, அந்த 180 பேர் வகுப்புக்கு அவரை அழையுங்கள். நம்பிக்கை இடைவெளியின் பொருளைச் சொந்தச் சொற்களில் எழுதச் சொல்லும் ஒரு கேள்வியைப் பருவத் தேர்வில் வையுங்கள். சென்ற ஆண்டுகளின் விடைத்தாள்கள் துறையில் இருந்தால் அதே போன்ற கேள்வியின் விடைகளை எடுத்து, மாணவர் பெயரை மறைத்து, இரண்டையும் கலந்து, எது எந்த ஆண்டு என்று தெரியாமல் அவரே திருத்தட்டும். மதிப்பெண் ஒப்பீட்டைக் கண்ணால் பார்த்தபின் அவர் என்ன சொல்கிறார் என்பதையும், உங்கள் கேள்விகளில் எவை 30க்கும் 70க்கும் இடையில் விழுந்தன என்பதையும் எனக்கு எழுதுங்கள். அப்படி விழுந்த கேள்விகளை நான் மற்ற ஆசிரியர்களுக்கும் அனுப்பிவைக்க விரும்புகிறேன்.

அன்புடன்.